பதிவு நாளைப் பார்த்து வாங்கிய நீலக் கார்

2018 மார்ச்சில் ஒரே வாரத்தில் இரண்டு ஹோண்டா எஸ்2000 கார்களைப் பார்க்கப் போனேன். இரண்டும் வெள்ளி நிறம். அதே இரண்டு லிட்டர் எஞ்சின், அதே 240 குதிரைத்திறன், நிமிடத்துக்கு 9,000 சுற்றுக்குப் பக்கத்தில் தொடங்கும், எஞ்சினின் உச்சத்தைக் காட்டும் அதே சிவப்புக் கோடு. ஒன்று 2006 பிப்ரவரியில் பதிவானது, மற்றது அதே ஆண்டு மே மாதத்தில். மே மாதக் கார் இன்னும் துப்புரவாக இருந்தது, விலையும் நானூறு பவுண்டு குறைவு. என் மனம் அதில்தான் நின்றது. விற்பவர் லாக் புக்கை, அதாவது காரின் பதிவுப் புத்தகத்தை, மேசைமேல் விரித்து வைத்தார். அதிலிருந்த தேதியைப் பார்த்தேன். ஆனால் அந்தத் தேதிக்கு ஒரு விலை உண்டு என்பது வீட்டுக்கு வந்து பிரிட்டனின் ஆண்டுக் கார் வரிப் பட்டியலைத் திறந்தபோதுதான் தெரிந்தது.

2006 மார்ச் 22 அன்று பிரிட்டனின் அப்போதைய நிதியமைச்சர் கார்டன் பிரவுன் வரவுசெலவுத் திட்டத்தைத் தாக்கல் செய்தார். கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு விடும் கார்களுக்கு ஆண்டு வரியில் புதிய மேல்படி ஒன்று அதில் வந்தது. மறுநாள், அதாவது மார்ச் 23 முதல் பதிவாகும் கார்களுக்கே அது பொருந்தும். அதற்கு முந்தைய நாள் பதிவான கார் எவ்வளவு புகை விட்டாலும் 'கே' என்ற படியோடு நின்றுவிடும். நான் இங்கே சொல்லும் வரித் தொகைகள் எல்லாம் 2025 ஏப்ரலில் தொடங்கிய ஆண்டின் கட்டணப்படி. அதில் அந்தப் படிக்கு 430 பவுண்டு. மார்ச் 23 முதல் பதிவான எஸ்2000 'எல்' படியில் விழும், 735 பவுண்டு. ஒரே தொழிற்சாலையில் ஒரே மாதிரி செய்யப்பட்ட இரண்டு கார்களுக்கு ஆண்டுக்கு 305 பவுண்டு வித்தியாசம். ஐந்து ஆண்டு வைத்திருந்தால் 1,525. நான் மிச்சம் என்று நினைத்த நானூறு பவுண்டு இரண்டு ஆண்டுகூடத் தாங்காது.

அன்று முதல் எந்தக் காரைப் பார்க்கப் போனாலும் நான் முதலில் கேட்பது பதிவு நாளைத்தான். நிறம், மைல் கணக்கு, சக்கரத்தின் அழகு எல்லாம் அதற்குப் பிறகு. மகிழ்ச்சிக்காகக் கார் வாங்குகிறவர்தான் இந்தக் கணக்கை மற்றவர்களைவிடக் கூர்மையாகப் போட வேண்டும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போகும் கார் நம்மிடம் தினமும் உழைக்கிறது. ஆசைக் கார் பெரும்பாலான நாட்கள் சும்மா நிற்கிறது. நிற்கும்போது அது நம்மிடம் எவ்வளவு கேட்கிறது என்பதில்தான் அதை எத்தனை ஆண்டு வைத்திருப்போம் என்பது அடங்கியிருக்கிறது.

பிரிட்டனின் கார் வரி மூன்று காலங்களாகப் பிரிந்து கிடக்கிறது. 2001 மார்ச் 1-க்கு முன் பதிவானவற்றுக்குப் புகைக் கணக்கே கிடையாது, எஞ்சின் கொள்ளளவு மட்டும்தான். 1549 சி.சி. வரை 220 பவுண்டு, அதற்கு மேல் எவ்வளவு பெரிய எஞ்சினாக இருந்தாலும் 360. ஆகவே 2000-ஆம் ஆண்டில் பதிவான எஸ்2000 ஒன்று கிடைத்தால் அதற்கு 360 பவுண்டுதான்! 2001 மார்ச் முதல் 2017 மார்ச் முடிய உள்ளவை 'ஏ' முதல் 'எம்' வரையிலான புகைப் படிகளில் வருகின்றன. உச்சியில் இருக்கும் 'எம்' படிக்கு 760 பவுண்டு.

2017 ஏப்ரல் முதல் பதிவானவற்றில் புகைக்கான கட்டணம் முதல் ஆண்டோடு சரி. அந்த முதல் ஆண்டு கடுமையானது. 255 கிராமுக்கு மேல் விடும் புதிய கார் அதே 2025 கட்டணப்படி 5,490 பவுண்டு கட்டிவிட்டுத்தான் கடையை விட்டு வெளியே வரும். இரண்டாம் ஆண்டிலிருந்து எல்லாருக்கும் ஒரே 195 பவுண்டு. ஆனால் புதிதாக இருந்தபோது பட்டியல் விலை 40,000 பவுண்டைத் தாண்டியிருந்தால் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுதோறும் 425 கூடுதல். தள்ளுபடியில் 37,000-க்கு வாங்கியிருந்தாலும் பட்டியல் விலைதான் கணக்கு. தொழிற்சாலையில் சேர்த்த சிறப்பு வண்ணமும் நல்ல இருக்கையும் அந்த விலையில் அடங்கும். மூன்று வயதான கார் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது என்று மகிழ்கிறவர், முதல் உரிமையாளர் ஆசைப்பட்ட வண்ணத்துக்காக இன்னும் சில ஆண்டுகள் அந்த 425-ஐக் கட்ட வேண்டியிருக்கலாம். பழைய காராக வாங்குகிறவர்களில் பலர் இதைக் கேட்காமலேயே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள்.

எஸ்2000-ஐ நான் விட்டதற்கு வரி மட்டும் காரணமில்லை. பிப்ரவரிக் காரை ஓட்டிப் பார்த்தேன். அற்புதமான எஞ்சின். சுமார் 6,000 சுற்றைத் தாண்டியதும் வால்வுகளைத் திறக்கும் கேம் மாறுகிறது, குரல் மாறுகிறது, முதுகில் ஒரு கை வைத்துத் தள்ளியது போல் இருக்கிறது. ஆனால் இரண்டாவது கியரை 9,000 வரை இழுத்தால் மணிக்கு 60 மைல் தாண்டிவிடுகிறது. இங்கே நடுவில் தடுப்பில்லாத நாட்டுப்புறச் சாலையின் உச்சவரம்பே 60 மைல்தான். அந்தக் காரின் சிறந்த பகுதி மூன்றாவது கியரிலும் நான்காவது கியரிலும் இருக்கிறது, அதைச் சட்டம் அனுமதிக்கும் சாலை எனக்குப் பக்கத்தில் இல்லை. பந்தயத் தடத்துக்கு மாதம் ஒரு முறை போகிறவர் அதை வாங்கட்டும், மனமாரச் சொல்கிறேன். நான் போவதில்லை.

பிறகு நான் தேடியது முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5. 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமான கார். பழைய பிரிட்டிஷ் திறந்த கார்களின் உற்சாகத்தை, மழையில் நின்றுவிடாத ஜப்பானிய எஞ்சினோடு சேர்த்துப் பார்த்தார்கள். குதிரையும் அதன்மேல் இருப்பவனும் ஓருடல் என்று பொருள்படும் 'ஜின்பா இத்தாய்' என்ற ஜப்பானியச் சொல்லை அதன் பொறியாளர்கள் தங்கள் குறிக்கோளாக வைத்திருந்தார்கள். ஆயிரம் கிலோவுக்கும் குறைந்த எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர உந்துதல். 2016-இல் பத்து லட்சமாவது கார் வெளிவந்தது. இன்றைய சாதாரணக் குடும்ப மின்சாரக் கார் ஒன்று சிக்னலில் அதைத் திரும்பிப் பார்க்காமல் தாண்டிப் போகும். ஆனால் 1.6 எஞ்சினில் இரண்டாவது கியரை 7,000 சுற்று வரை முழுவதும் இழுத்தாலும் 60 மைலைத் தொடாது. காரின் முழுத் திறமையையும் சட்டத்துக்குள்ளேயே செலவழிக்கலாம். எனக்கு வேண்டியிருந்தது அதுதான்.

அந்த 1.6 எஞ்சினின் உண்மையான அளவு 1597 சி.சி. வரிக் கோடு 1549. நாற்பத்தெட்டு சி.சி. வித்தியாசத்தில் அது மேல்படிக்குப் போய்விடுகிறது. இதைத் தெரிந்துகொண்டேதான் வாங்கினேன். தெரிந்து கட்டும் 360 பவுண்டு வலிப்பதில்லை.

முதலில் பார்த்த சிவப்புக் கார் பளபளவென்றிருந்தது. அடியில் குனிந்து பார்த்தால் புதிதாகக் கருப்புத் தார்ப்பூச்சு. இந்த மாடலில் அது ஓர் எச்சரிக்கை. துணிக் கூரையில் விழும் மழைநீர் இருக்கைகளுக்குப் பின்னால் இரு மூலைகளிலும் உள்ள வடிகுழாய்களின் வழியே கீழே இறங்க வேண்டும். இலைச்சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் கதவுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற சட்டத்துக்குள் தேங்கி, பின்சக்கர வளைவுக்கு முன்னால் உள்ளிருந்தே தகட்டைத் தின்றுவிடும். வெளியே கொப்புளம் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிச்சமிருக்காது. கைப்பேசியில் அந்தக் காரின் எம்.ஓ.டி. வரலாற்றைப் பார்த்தேன். பதிவு எண்ணைத் தட்டினால் போதும், ஆண்டுதோறும் நடந்த தகுதிச் சோதனையின் முடிவு இலவசமாக வரும். 2013-இல் 'பின்பக்கச் சட்டத்தில் துரு' என்று குறிப்பு. அடுத்த மூன்று ஆண்டுகளில் அதைப் பற்றிப் பேச்சே இல்லை. வெல்டிங் செய்த ரசீது இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றார் விற்பவர். துரு தானாக ஆறாது. நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

நீலக் கார் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியையுடையது. 1990-இல் செய்யப்பட்டது, அதே ஆண்டு ஆகஸ்டில் பதிவு, 81,000 மைல். அவர் துணிக் கூரையை இறக்கிக் காட்டிய விதத்திலேயே எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிட்டது. அந்தத் தலைமுறைக் காரில் பின்ஜன்னல் ஒளிபுகும் பிளாஸ்டிக். அதைச் சுற்றி ஜிப் இருக்கிறது. அவசரக்காரர்கள் ஜிப்பைத் திறக்காமலே கூரையை மடக்குவார்கள், குளிர்நாளில் பிளாஸ்டிக் விரிசல் விட்டுவிடும். அவர் முதலில் ஜிப்பைத் திறந்து, ஜன்னலைப் படுக்கவைத்து, அதன்மேல் ஒரு பழைய துண்டை விரித்து, அதற்குப் பிறகே கூரையைப் பின்னால் தள்ளினார். இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்தும் அந்த ஜன்னலில் ஒரு கோடு கிடையாது.

எஞ்சின் மூடியைத் திறந்து கீழே, கிராங்க் தண்டின் முனையிலுள்ள புல்லியின் வெட்டுகளை டார்ச் அடித்து எண்ணினேன். நான்கு. தொடக்க கால எஞ்சின்களில் அந்த முனை குட்டையாக இருக்கும், புல்லியில் நான்கு வெட்டுகள் தெரியும். பிற்பாடு அதை நீளமாகச் செய்தார்கள், அவற்றில் எட்டு. குட்டை முனையில், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட்டை மாற்றும்போது புல்லியின் போல்ட்டைச் சரியான இறுக்கத்தில் பூட்டாவிட்டால், புல்லியைத் தண்டோடு பிணைக்கும் சாவித்துண்டு ஆடி ஆடித் தண்டையே தேய்த்துவிடும். நான்கு வெட்டு இருப்பதால் காரை ஒதுக்க வேண்டியதில்லை. யார் பெல்ட்டை மாற்றினார்கள், எப்போது என்று கேட்க வேண்டும், அவ்வளவுதான். ஆசிரியை ஒரு அட்டைக்கோப்பை நீட்டினார். 60,000 மைலில் மாற்றிய ரசீது, இறுக்க அளவு பேனாவால் எழுதப்பட்டு, இருந்தது. 3,200 பவுண்டுக்குப் பேசி முடித்தோம்.

அன்று தேதி 29. "ஒன்றாம் தேதி வந்து எடுத்துக்கொள்ளுங்கள்" என்றார் அவர். ஏன் என்று உடனே புரிந்தது. இங்கே வரி காரோடு கை மாறுவதில்லை. விற்பவருக்கு மிச்சமுள்ள முழு மாதங்களுக்கு மட்டும் பணம் திரும்பி வரும். வாங்குபவர் அந்த மாதத்தின் முதல் நாளிலிருந்து கட்ட வேண்டும். 29-ஆம் தேதி கை மாறினால் ஒரே மாதத்துக்கு இருவரும் வரி கட்டுகிறோம். 2014 அக்டோபர் 1-க்கு முன் கண்ணாடியில் ஒட்டியிருந்த வட்டக் காகித வரிச்சீட்டு காரோடு சேர்ந்தே போகும். அந்தக் காகிதத்தோடு அந்த வழக்கமும் போய்விட்டது. மே 1 காலையில் போய், லாக் புக்கிலிருந்து கிழித்துத் தந்த புதிய உரிமையாளர் சீட்டில் உள்ள பன்னிரண்டு இலக்க எண்ணை வைத்து, அவர் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டே கைப்பேசியில் வரியைக் கட்டினேன். அதற்குப் பிறகுதான் சாவியைக் கையில் கொடுத்தார்.

இரண்டு ஆண்டுகளில் இடப்பக்கச் சட்டம் வேலை கேட்டது. ஒரு சிறிய பட்டறையில் 1,150 பவுண்டுக்கு அழுகிய தகட்டை வெட்டிப் புதியது வைத்தார்கள். முதல் முறை அவர்கள் வடிகுழாயின் கீழ்முனையையும் சேர்த்து வெல்டிங்கில் மூடிவிட்டார்கள். மழைக்குப் பிறகு மிதியடி நனைந்தபோது கண்டுபிடித்தேன். திரும்பக் கொண்டுபோய்த் திறக்கச் சொன்னேன். அன்றிலிருந்து எந்த வேலை முடிந்தாலும் கோப்பைத் தண்ணீர் ஊற்றிப் பார்க்காமல் காரை எடுப்பதில்லை.

டயரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குறைவாக ஓடும் கார்களின் டயர் தேய்வதில்லை, கிழடாகிறது. பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. என் காரில் 3108 என்றிருந்தது, அதாவது 2008-இன் 31-ஆவது வாரம். பூவேலைப்பாடு போல் பள்ளம் முழுதாக இருந்தது, ரப்பரோ கல். புதிய நான்கு டயர் போட்ட அன்று அது வேறு கார். கூடுதல் குதிரைத்திறனுக்குச் செலவழிக்க நினைக்கும் நண்பர்களிடம் நான் கெஞ்சாத குறையாகச் சொல்வது இதுதான்: முதலில் டயர், பிறகு பிரேக் எண்ணெய், பிறகு மற்றது.

பெட்ரோல் விஷயத்திலும் பழைய காருக்குக் கொஞ்சம் கவனம் வேண்டும். 2021 செப்டம்பர் முதல் இங்கிலாந்தில் சாதாரணப் பெட்ரோலில் பத்து விழுக்காடு வரை எத்தனால் சேர்கிறது. பழைய ரப்பர்க் குழாய்களுக்கு அது ஆகாது என்பதால் விலை கூடிய சூப்பர் ரகத்தை ஊற்றுகிறேன். காப்பீடு சிக்கலில்லை. ஆண்டுக்கு 3,000 மைல் என்ற வரம்போடு, மதிப்பை முன்கூட்டியே ஒப்புக்கொண்ட பாலிசி. அந்தக் கட்டணத்துக்குள்ளும் 12 விழுக்காடு வரி ஒளிந்திருக்கிறது.

வரி நியாயமா என்று நண்பர்கள் கேட்பதுண்டு. என் கணக்கைச் சொல்கிறேன். 3,000 மைலுக்குச் சுமார் 425 லிட்டர் செலவாகிறது. 2025-இல் லிட்டருக்கு 52.95 பென்ஸ் எரிபொருள் தீர்வை, அதன்மேல் 20 விழுக்காடு மதிப்புக்கூட்டு வரி. அந்தத் தீர்வையும் அதன்மேல் விழும் வரியும் மட்டும் 270 பவுண்டு. ஓடிய அளவுக்குக் கட்டும் இந்தப் பணத்தில் எனக்கு மனத்தாங்கல் இல்லை. ஓடினேன், எரித்தேன், கொடுக்கிறேன். நின்றுகொண்டிருக்கும் காருக்குப் பதிவு நாளை வைத்து விதிக்கும் 360-தான் எனக்கு ஒப்பவில்லை. ஆண்டுக்குப் பதினையாயிரம் மைல் ஓடும் அதே வயதுக் காருக்கும் அதே 360. முழுவதையும் எரிபொருளிலேயே வாங்கிவிட்டால் புகைக்கும் வரிக்கும் உள்ள தொடர்பு நேராக இருக்கும். மின்சாரக் கார்கள் பெருகும் காலத்தில் அதிலும் ஓட்டை விழும் என்பது தெரிகிறது. 2025 ஏப்ரலிலிருந்து அவையும் ஆண்டு வரி கட்டுகின்றன.

இப்போதைக்கு நான் செய்வது இது. ஏப்ரல் 1 அன்று முழு ஆண்டுக்கும் ஒரே தவணையில் கட்டுகிறேன். மாதத் தவணைக்கு ஐந்து விழுக்காடு கூடுதல். அக்டோபர் 31 அன்று கார் சாலையில் இல்லை என்று அறிவித்துவிடுகிறேன். மிச்சமுள்ள ஐந்து முழு மாதங்களுக்கு 150 பவுண்டு திரும்பி வருகிறது. ஒரு நாள் தள்ளி நவம்பர் 1 அன்று அறிவித்தால் நான்கு மாதம்தான் வரும். அறிவித்த பிறகு காரைத் தெருவில் நிறுத்தக்கூடாது, சொந்த இடம் வேண்டும். முன்பதிவு செய்த எம்.ஓ.டி. சோதனைக்கு மட்டும் ஓட்டிப் போகலாம். குளிர்காலத்தில் சாலையில் தூவும் உப்பு அந்தக் காருக்கு விஷம் என்பதால் இது எனக்கு இரட்டை நன்மை.

சுற்றி வளைத்துப் பணத்தைப் பற்றியே எழுதிவிட்டேன். இவ்வளவும் எதற்கு என்பதையும் சொல்ல வேண்டும். சென்ற ஜூனில் ரெடிங்கிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு எம்4 வழியாக வேல்ஸுக்குப் போனேன். லாங்கடாக் என்ற ஊரிலிருந்து ப்ரினாமன் வரை கருமலையைத் தாண்டும் ஏ4069 சாலை. வேல்ஸில் 2023 செப்டம்பர் முதல் ஊர்களுக்குள் 20 மைல்தான், ஆகவே லாங்கடாக்கை நடைவேகத்தில் கடந்தேன். ஊர் முடிந்து மரங்கள் விலகி, கால்நடைத் தடுப்புக் கம்பிகளின் மேல் சக்கரம் கடகடத்ததும் மலை திறந்துகொண்டது. இரண்டாவது கியர், மூன்றாவது, மறுபடி இரண்டாவது. கியர்க் குச்சி நகரும் தூரம் ஒரு விரல் நீளம்கூட இருக்காது, மணிக்கட்டை மட்டும் அசைத்தால் போதும். குயில் திருப்பம் என்று பொருள்படும் 'ட்ரோர் குகூ' என்ற கொண்டை ஊசி வளைவில் பிரேக்கை மெல்ல விட்டு ஸ்டீயரிங்கைத் திருப்பியபோது, முன்சக்கரங்கள் தரையில் எந்தச் சிறு கல்லின்மேல் ஏறுகின்றன என்பதை உள்ளங்கை சொன்னது. வேகமானியில் 34 மைல். திருப்பத்துக்கு அப்பால் ஓர் ஆடும் இரண்டு குட்டிகளும் சாலை நடுவில் படுத்திருந்தன. நிறுத்தினேன். கூரை இல்லாததால் அவை அசைபோடும் சத்தம்கூடக் கேட்டது. எழுந்து போகும்வரை காத்திருந்தேன். அந்த மலையில் ஒரு முறைகூட வேக வரம்பைத் தொடவில்லை. நான்கு முறை ஏறி இறங்கினேன்.

இந்தக் காரில் நினைத்தபோதெல்லாம் போக முடியாத ஓர் ஊர், லண்டன். அக்கா அங்கே ஹாரோவில் இருக்கிறார். 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லா வட்டாரங்களும் குறைந்த புகை மண்டலத்துக்குள் வந்துவிட்டன. 1990-இன் கார் அங்கே நகரும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. "அந்த நீலக் காரில் வாடா தம்பி, பிள்ளைகள் கேட்கிறார்கள்" என்று அக்கா ஒவ்வொரு முறையும் சொல்வார். முன்விளக்குகள் தவளைக்கண் மாதிரி மேலெழுவதைப் பார்க்க அவர்களுக்கு ஆசை. வருடத்தில் ஒரு நாள் அந்தப் பணத்தைக் கட்டிவிட்டுப் போகிறேன். விதிகள் இப்படியே இருந்தால், 2031 ஏப்ரலில் என் கார் நாற்பது வயதுக் கார்களின் வரிசையில் சேரும். வரியும் இல்லை, லண்டன் கட்டணமும் இல்லை. அக்காவின் சின்னவளுக்கு அப்போது பதினேழு வயது, இங்கே கார் ஓட்டப் பழகும் வயது. கியர் மாற்றும்போது கிளட்ச்சை இரண்டு முறை மிதிக்கும் இரட்டைக் கிளட்ச் வித்தையை அவளுக்குக் கற்றுத் தருவதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

நேற்று அக்டோபர் 31. காலையிலேயே அறிவிப்பைச் செய்து முடித்தேன். காரைக் கழுவி, கொட்டகைக்குள் தள்ளி, டயர்களில் கொஞ்சம் கூடுதல் காற்று ஏற்றினேன். பிறகு கூரையின் பின்மூலைகளில் ஒரு கோப்பைத் தண்ணீர் ஊற்றிவிட்டுத் தரையில் படுத்துப் பார்த்தேன். இடப்பக்கம் பின்சக்கரத்துக்கு முன்னால் உடனே கொட்டியது. வலப்பக்கம் சொட்டுச் சொட்டாகத்தான் வந்தது. புல்வெட்டும் இயந்திரத்தின் நைலான் நரம்பு ஒரு முழம் எடுத்து, மேலிருந்து மெதுவாக உள்ளே விட்டேன். கம்பியை விட்டால் அடியிலுள்ள ரப்பர் வாய் கிழிந்துவிடும். இரண்டு முறை சுழற்றியதும் கறுத்துப்போன இலை ஒன்று தண்ணீரோடு தரையில் விழுந்தது.